பஞ்சத்துக்கு ஆண்டி

'பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?' என்று கேட்பது நம் பக்கத்தில் இன்னும் வழக்கொழியவில்லை. தேர்தல் வருஷத்தில் திடீரென்று கதர் உடுத்துகிறவனைப் பற்றிச் சொல்கிறோம். நேற்றுவரை சும்மா இருந்துவிட்டு இன்று கவிஞனாகிவிட்டவனைப் பற்றி, நம் வட்டத்திற்குள்ளேயே, சொல்கிறோம். கேலி என்ற அளவில் நல்ல கேலிதான். ஆனால் இது கேலியாவதற்கு முன்னால், ஏதோ ஒரு வாசலில் நிஜமாகவே கேட்கப்பட்ட கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நிற்பவன் கையில் திருவோடு. கேட்பவன் வீட்டுக் குதிரில் தானியம். இவன் எப்போதுமே பிச்சைக்காரனா, அல்லது வயல் வைத்திருந்து மழை பொய்த்ததால் பிச்சைக்கு வந்தவனா என்று தெரிந்துகொண்ட பிறகே போடுவதா வேண்டாமா என்று தீர்மானமாகும். பழமொழியில் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவனின் குரலை நம் மொழி பத்திரப்படுத்தவில்லை.

பேரழிவுகளை ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள் என்று பொதுவாக வருத்தப்படுகிறோம். தாது வருஷப் பஞ்சத்தைப் பொறுத்தவரை இது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் யாரும் அதை முழுக்க மறக்கவில்லை. அவசரமாகச் சாப்பிடுகிற பையனைப் பார்த்து 'பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி' என்கிறோம். வேலை தேடி வெளியூர் போனவனைப் 'பஞ்சம் பிழைக்கப் போனான்' என்கிறோம். மொழி ஞாபகம் வைத்திருக்கிறது. யார் பக்கம் நின்றுகொண்டு ஞாபகம் வைத்திருக்கிறது என்பதே கேள்வி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. 1877-ல் தென்மேற்கு செப்டம்பர்வரை ஏமாற்றியது. பசிபிக் சமுத்திரத்தின் நீர் சூடேறுவதால் உலகத்தின் மழை இடம் மாறுகிறது என்று பின்னால் வந்த விஞ்ஞானம் சொல்கிறது. அதே வருஷங்களில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியையெல்லாம் உள்ளடக்கிய பெரிய ஜில்லா. மோகனூர், பரமத்தி பக்கம் காவிரியும் ராஜவாய்க்காலும் உண்டு. மற்றபடி நாமக்கல்லிலிருந்து ராசிபுரம், திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புஞ்சை. கம்பும் சோளமும் ராகியும் சாமையும் வானத்தைப் பார்த்து விளையும் பூமி. இங்கே மழை தவறினால் முதலில் போவது மாடு. தீவனம் இல்லாமல் மாடு சாகிறது. மாடு செத்தால் கவலை ஓடாது, கிணற்றில் மிச்சமிருக்கும் தண்ணீரும் மேலே வராது. வண்டி ஓடாது, ரயிலடியில் வந்து இறங்கும் மூட்டை உள்ளூருக்குப் போய்ச் சேராது. சேலத்துக்கு ரயில் 1860-களிலேயே வந்துவிட்டது. ஆனால் தானியத்தைக் கொண்டுவரும் ரயில், விலை அதிகமாகக் கிடைக்கும் ஊருக்குத் தானியத்தை எடுத்துக்கொண்டும் போகும். கையில் காசில்லாதவனுக்கு இரண்டும் ஒன்றே.

காசில்லாமல் போவது விவசாயக் கூலிக்கு மட்டுமல்ல. சேலம் தறிகளின் ஊர். சோற்றுக்கு இல்லாதவன் துணி வாங்கமாட்டான். நெசவாளியின் வயிற்றில் பஞ்சம் வயல் காய்ந்ததால் வருவதில்லை, சந்தை காய்ந்ததால் வருகிறது. தச்சன், குயவன், தோல் வேலை செய்கிறவன் எல்லோருக்கும் இதே கதிதான். அறுவடைக் களத்தில் அளந்து போடும் மானியத்தை நம்பி இருந்தவர்களுக்குக் களமே இல்லாமல் போயிற்று. நிலமில்லாத பண்ணையாட்கள், சேரிகளில் இருந்தவர்கள், முதலில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், முதலில் செத்தார்கள். சாவு பெருவாரியாக விழுந்தது 1877-ல். அதில் பெரும்பகுதி தாதுவுக்கு அடுத்த ஈஸ்வர வருஷம். ஆனாலும் பஞ்சத்துக்குப் பெயர் தாதுதான். பிணம் விழுந்த வருஷத்தை விட்டுவிட்டு, மழை பொய்த்த வருஷத்தைக் குற்றவாளியாகக் குறித்துக்கொண்டது ஜனங்களின் ஞாபகம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தப்பித்தலும் இருக்கிறது. மழையைக் குற்றம் சொல்லிவிட்டால் மனுஷனைச் சொல்ல வேண்டியதில்லை.

மனுஷர்கள் இருந்தார்கள். 1877 ஜனவரி 1-ந் தேதி விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று டெல்லியில் தர்பார் நடந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராய். சென்னையின் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனும் தர்பாருக்குப் போயிருந்தார். அதற்கடுத்த நாட்களில் சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அனுப்பப்பட்டார். இவர் 1874-ல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர்; காப்பாற்றியதற்கு ஆன செலவுக்காகக் கண்டிக்கப்பட்டவர். கண்டனத்தை அவர் மறக்கவில்லை. நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று தீர்மானித்தார். ஏறக்குறைய 450 கிராம்.

இதை எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். வேலை செய்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலும் அதற்கு மேல் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் எழுதினார். மார்ச்சில் மாகாண சர்க்கார் பாதி இறங்கி வந்து ஒன்றேகால் ராத்தலும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்று ஆக்கியது. இந்தக் கால் ராத்தல், அரை ராத்தல் விவகாரத்தை இன்று படிக்கும்போது ஒன்று தெரிகிறது. டெம்பிளின் கவலையெல்லாம், தேவையில்லாதவன் நிவாரணத்துக்கு வந்துவிடுவானோ என்பது. கூலியைக் குறைத்து, வேலையைக் கடினமாக்கினால் நிஜமாகவே பட்டினி கிடப்பவன் மட்டும் வருவான் என்பது அவர் கையாண்ட பரீட்சை. அதாவது, பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா? கல்கத்தாவிலிருந்து வந்த வெள்ளைக்காரருக்கும் நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் பாஷை வித்தியாசமே இல்லை. காலனி ஆதிக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் சௌகரியமாக விட்டுவிடுகிற இடம் இது. 1877-78-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியாயிற்று என்பதை ஆத்திரத்தோடு எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் பூட்டியிருந்த குதிர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையவை அல்ல.

கார்னிஷைப் பற்றி இன்னொரு விஷயம். 1871-ல் எடுத்த மக்கள் கணக்கின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவரும் இவர்தான். ஊர் ஊராக எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதிவைத்த கைதான் ஆறு வருஷம் கழித்து அவர்களுக்கு எத்தனை அவுன்ஸ் வேண்டும் என்று எழுதியது. 1871-ல் சேலம் ஜில்லாவில் 19,66,995 பேர் இருந்தார்கள். 1881-ல் 15,99,595. குறைவு 3,67,400, நூற்றுக்குக் கிட்டத்தட்ட பத்தொன்பது பேர். மாகாணம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சரிவு மிகச் சிறியது. பஞ்சம் தொடாத ஜில்லாக்கள் பெருகி அதைச் சரிக்கட்டிவிட்டன. சராசரி என்கிற கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த மூன்றரை லட்சத்துச் சொச்சம் பேரும் செத்தவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்டிக்கும் மலையாளத்துக்கும் போனவர்கள் உண்டு; பட்டினி கிடந்த தாய்களுக்குப் பிறக்காமலே போன குழந்தைகளும் இதில் சேர்த்தி. போகட்டும் என்றால், இந்தப் பத்து வருஷத்தில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டியவர்களைச் சேர்த்தால் நஷ்டம் இன்னும் பெரிது.

1891-ல் மறுபடி எண்ணினார்கள். 19,62,591. இருபது வருஷத்துக்கு முந்திய எண்ணுக்கு நாலாயிரத்துச் சொச்சமே குறைவு. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த எண் மற்ற எல்லாவற்றையும்விடத் தொந்தரவு தருகிறது. பற்றும் வரவும் நேரானால் ஏட்டை மூடலாம். செத்தவன் வேறு, அவன் இடத்தில் எண்ணப்பட்டவன் வேறு என்பது கூட்டுத்தொகைக்குத் தெரியாது. நிலத்தின் பேரில் கடன் கேட்டு வருகிறவரிடம் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று கேட்பது எங்கள் தொழில் வழக்கம். அதற்குமேல் போய்ப் பார்க்க அவசியமில்லை என்பது சட்டம் தெரிந்தவர்களின் துணிபு. பஞ்ச காலத்தில் ஒரு மரக்கால் ராகிக்குக் கைமாறின புஞ்சையைப் பற்றி ஊருக்கு ஊர் கதை சொல்கிறார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அதுவும் வில்லங்கமில்லாத சொத்துதான். மறதி என்பது ஏட்டைத் தொலைப்பதால் வருவதில்லை. லெ ஃபானு எழுதி 1883-ல் வந்த சேலம் மானுவலும் இருக்கிறது, பஞ்சக் கமிஷனின் அறிக்கையும் இருக்கிறது, அதிலிருந்து பிறந்த பஞ்ச விதிகளும் இருக்கின்றன. ஏட்டை முறைப்படி முடித்துக் கையெழுத்திட்டுவிட்டதாலேயே மறதி வருகிறது.

அப்படியானால் இலக்கியம் என்ன செய்தது? இந்தப் பத்திரிகையில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

தமிழின் முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது 1879-ல். பஞ்சம் முடிந்து ஒரு வருஷம். அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை பஞ்சத்தைக் காணாதவர் அல்ல. தன் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி வார்த்தவர், அதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதியால் பாடப்பெற்றவர். பஞ்சம் தீர வேண்டி அவரே கீர்த்தனைகளும் செய்தார். ஆனால் அவருடைய நாவலின் மையத்தில் பஞ்சம் இல்லை. பசியைப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டு, உரைநடைக்கு வேடிக்கையையும் நீதியையும் வைத்துக்கொண்டார். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழில் நவீன உரைநடை பிறந்தபோதே என்னென்ன அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன என்பதற்கு இது ஓர் அடையாளம். வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் 1899-ல் வந்தது, அது செய்யுள். கொங்கு நாட்டில் பஞ்சத்தைப் பாடியவை கும்மிகள், புலவர் செ. இராசு அவற்றைத் தேடிப் பதிப்பித்திருக்காவிட்டால் நமக்குக் கிடைத்திருக்காது. சந்தை விலை, எந்த ஊர், எந்தச் சாதிக்கு என்ன நேர்ந்தது என்று விவரம் விவரமாகச் சொல்லிக்கொண்டு போவது பஞ்சக் கும்மியின் இயல்பு. நாம் 'வெறும் விவரணை' என்று ஒதுக்குகிற அந்தக் குணம்தான் அதன் பலம். யாப்புப் பிசகையும் தாண்டி அதில் மனிதர்கள் ஊர்ப் பெயரோடு நிற்கிறார்கள்.

பசி என்றால் நம்மில் பலருக்கு நட் ஹாம்சனின் 1890-ஆம் வருஷத்து நாவல் நினைவுக்கு வரும். கிறிஸ்டியானியா நகரத்துத் தெருக்களில் ஒரு படித்த இளைஞன், தனியாக, எழுதிக்கொண்டே பட்டினி கிடக்கிறான். அந்தப் பசியின் நுட்பங்களை நாம் ரசித்தோம், அதிலிருந்து கற்றுக்கொண்டோம். தனிமனிதப் பிரக்ஞை என்பது நமக்குக் கிடைத்த பெரிய கருவிதான். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ராசிபுரத்துச் சாலையில் கல்லுடைத்தவனின் பசியை அந்தக் கருவியால் தொட முடியாது. அவன் தனியாக இல்லை, எழுதவும் தெரியாது. அவனுடைய பசி அவனைச் சிறப்பானவனாக ஆக்கவில்லை. எல்லோரையும் போல ஆக்கியது. நம் விமர்சனத்தில் இதற்கு ஒரு சொல்லை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வங்காளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-ன் பஞ்சம் முடிவதற்குள் ஜைனுல் ஆபிதீன் கோட்டோவியங்கள் வரைந்துவிட்டார். 1944-ல் பிஜன் பட்டாச்சார்யாவின் நவான்னம் மேடையேறிவிட்டது. விபூதிபூஷணின் நாவலை 1973-ல் சத்யஜித் ரே படமாக எடுத்தார். அங்கே கல்கத்தாவின் நடைபாதையிலேயே, எழுதுகிறவர்களின் கண் எதிரே, ஜனங்கள் செத்தார்கள். அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1845-ல் ஆரம்பித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்திலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததி அமெரிக்காவில் ஓட்டும் பணமும் பெற்றது. 2002-ல் நியூயார்க்கில் அந்தப் பசிக்கு நினைவிடம் எழுந்தது. ஞாபகத்துக்கும் முதலீடு வேண்டும் போலிருக்கிறது. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கடல் தாண்டியவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு, கங்காணியிடம் கடன்பட்டுப் போனார்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. அவர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். 1948-ல் அவர்களின் சந்ததியில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, பாட்டன் சொல்லிக் கேட்ட ஊர்ப் பெயரும் தாலுக்காவும்தான் பலருக்கு இந்தியா. பஞ்சத்தை நூறு வருஷம் சுமந்தவர்கள் அவர்கள். திரும்பி வந்த இடத்தில் அவர்களை நாம் சிலோன்காரர்கள் என்றோம்.

2013-ல் ஜெயமோகனின் வெள்ளை யானை வந்தது. தாதுப் பஞ்சத்தை முழு அளவில் எதிர்கொண்ட நாவல். வர 135 வருஷம் ஆயிற்று. அதில் பஞ்சத்தைப் பார்க்கிற கண் ஓர் ஐரிஷ்காரப் போலீஸ் அதிகாரியுடையது. நாவலாசிரியர் இதை யோசித்தே செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். பசியை அறிந்த தேசத்திலிருந்து வந்தவன், ஆளும் பக்கத்தில் வேலை பார்ப்பவன், அதனாலேயே பார்க்க முடிகிறவன். சரியான தேர்வு. ஆனால் சரியாக இருப்பதுதான் உறுத்துகிறது: நம் பஞ்சத்தை நேருக்கு நேர் பார்க்க ஒரு சொந்தக் கண் கிடைக்கவில்லை. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களும் இப்படித்தான். எலும்பும் தோலுமான குடும்பத்தை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் உலகமெங்கும் போயின, இன்றும் போகின்றன. எடுத்தவர் பெயர் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களின் பெயரும் ஊரும் படத்தோடு வரவில்லை.

இதெல்லாம் எதற்கு, இன்றைக்கே ஆயிரம் துன்பம் இருக்கிறதே என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: 2000-களின் தொடக்கத்தில் தறி நின்று நெசவாளர்கள் பட்டினிக்கு வந்தபோது தமிழ்நாட்டில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். உடனே அது கட்சிச் சண்டையாயிற்று. நிஜமாகவே பட்டினியா, நடிப்பா என்று விவாதித்தார்கள். சொல்லும் பழையது, கேள்வியும் பழையது. 1877-ஐப் பசித்தவன் பக்கத்திலிருந்து நினைவு வைத்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே நமக்கு நாக்கு கூசியிருக்கும். இறந்தவர்களுக்கு நாம் செய்கிற கௌரவம் என்று இதை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்தவன் வாசலில் வந்து நிற்கும்போது நாம் என்ன கேட்போம் என்பதே விஷயம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. 1871, 1881 இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரவர் தாலுக்காவைப் பார்க்கலாம். கும்மிகளை நாட்டுப்புறவியல் அலமாரியிலிருந்து எடுத்து, கவிதையைப் படிப்பதுபோல், கேள்விகளோடு படிக்கலாம். கொத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் முதியவர்களிடம், பாட்டன் எந்த ஊரைச் சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். சிலை வேண்டாம், சிலைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை.

தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை அதே பெயரோடு திரும்பி வரும். தாது 1936-ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் மேட்டூர் அணை கட்டி முடித்திருந்தார்கள், இந்த ஜில்லாவின் மண்ணில், பெரும்பாலும் தஞ்சாவூருக்காக. மறுபடி 1996-ல் வந்தது. அந்தத் தாது வருஷத்தில்தான், 1997 ஜனவரி 1-ந் தேதி, டெல்லி தர்பார் நடந்து சரியாக 120 வருஷம் கழித்து, நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அது பிறந்த வருஷத்தின் பெயர் என்ன என்று மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் ஆங்கில வருஷத்தைச் சொல்வார்கள். அடுத்த தாது 2056-ல். நம்மில் பலர் அதைப் பார்க்க மாட்டோம். அதற்குள் அந்தப் பழமொழிக்குப் பதில் சொல்கிற ஒரு குரலாவது தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.